ஏறின எடை

மேலே போய்ச் சேர ஐம்பத்திரண்டு மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அதில் முதல் ஒரு மணி நேரம், கயிற்றில் ஏறும் பெட்டிக்குள் ஒருத்தியும் உட்காரவில்லை. இருபத்திரண்டு பேரும் கண்ணாடிச் சுவரில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார்கள். கீழே கடல் நீலத் தட்டாகச் சுருங்கியது. பிறகு தட்டு வளைந்தது. வளைந்த ஓரத்தில் மேகம் சோப்பு நுரைபோல ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க தம்பி, இந்தக் கவுறு எத்தனாம் நம்பர் நூலுங்க?" என்று நசீமா பெட்டியின் பணியாளனைக் கேட்டாள்.

அவனுக்குப் புரியவில்லை. "கார்பன் நார்ம்மா. இரும்பைவிட பல மடங்கு உறுதி."

"உறுதி கெடக்கட்டும். சாயம் போகுமா, சுருங்குமா, அதச் சொல்லுங்க."

பெட்டியே குலுங்கிச் சிரித்தது. எல்லோரும் திருப்பூரில் ஒரே பனியன் கம்பெனியில், ஆறாம் லைனில் தைக்கிறவர்கள். வருஷா வருஷம் டூர் போவார்கள். ஊட்டி, கொடைக்கானல், ஒரு தடவை கன்னியாகுமரி. இந்த வருஷம் தூத்துக்குடியில் கப்பலேறி, நிலநடுக்கோட்டுக் கடலில் நிற்கும் மேடைக்கு வந்து, அங்கிருந்து வானத்துக்குப் போகும் கயிற்றில் ஏறியிருந்தார்கள். கயிற்றின் மேலே, பூமியிலிருந்து பத்தாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், இறகூர் என்ற கேளிக்கைப் பூங்கா. அங்கே உடம்பின் பாரம் ஏழில் ஒரு பங்குதான். கைகளில் துணிச் சிறகு கட்டிக்கொண்டால் யார் வேண்டுமானாலும் பறக்கலாம்.

கோகிலவாணியும் கண்ணாடியில் மூக்கை வைத்துத்தான் நின்றாள். ஆனால் மற்றவர்கள் கீழே பார்த்தபோது அவள் மேலே பார்த்தாள். மேலே அவளுடைய தங்கை பூங்கோதை இருந்தாள்.

பூங்கோதை ஒரு வருஷ ஒப்பந்தத்தில் வேலைக்குப் போனவள். அடுத்த மாதம் மூன்று வருஷம் முடிகிறது. பாரம் சுமக்காத எலும்பு தன் வேலையை மறந்து உள்ளுக்குள் பொத்தலாகிக்கொண்டே போகும். மூன்று வருஷத்துக்குள் இறங்கிவிட்டால் உடம்பைத் தேற்றிவிடலாம், அதற்குமேல் கஷ்டம் என்பது டாக்டர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. காலண்டரில் தாள் கிழிக்கும்போதெல்லாம் கோகிலவாணி மீதி நாட்களை எண்ணினாள்.

கீழே இறங்க யோசனை சொன்னவள் பூங்கோதையேதான். ஒரு மாதத்துக்கு முன்னால் போனில் சொன்னாள். கோகிலவாணி வாய் திறந்து நாலு பேர் முன்னால் பேசக்கூடியவள் இல்லை. அதனால் சம்பூர்ணத்திடம் போய்ச் சொன்னாள். சம்பூர்ணம் லைன் சூப்பர்வைசர். அவள் குரல் எழும்பினால் தையல் மிஷின்கள் அடங்கிவிடும். டீ இடைவேளையில் எல்லோரையும் கூட்டிவிட்டாள்.

"ஒப்பந்தம் முடிஞ்சும் அந்தப் புள்ளய எதுக்கு எறக்க மாட்டேங்கறாங்க?" என்று ருக்மணி கேட்டாள்.

சம்பூர்ணம் விளக்கினாள். "கெணத்துல ரெண்டு வாளி கட்டி எறைக்கறதப் பாத்திருக்கறயா? ஒண்ணு எறங்குனா ஒண்ணு ஏறும். அங்கயும் அதே கததான். எறங்கற பெட்டி ஏர்ற பெட்டிய இழுக்குது. ரெண்டும் சமமா இருந்தாத்தான் கரண்டு மிச்சம். அதனால ஒரு கூட்டம் எத்தன கிலோ ஏறுச்சோ, அத்தன கிலோதான் எறங்கலாம். டூர் போனவங்க அத்தன பேரும் திரும்பி வந்தாகோணும். அப்பறம் வேலக்காரிக்கு எங்க எடம்?"

"அப்ப அவ எப்பத்தான் வர்றது?"

"வரிசை வந்தா வரலாமாம். எப்ப வரும்னு ரெண்டு வருசமாக் கேட்டுட்டு இருக்கறா."

இறகூரில் வேலை செய்கிறவர்களின் விசேஷங்களுக்கு ஊரிலிருந்து சீர் கொண்டு போகலாம் என்று ஒரு விதி இருந்தது. வந்திருக்கிற பார்வையாளர்கள் அதையும் வேடிக்கை பார்ப்பார்கள், படம் பிடிப்பார்கள். அதனால் கம்பெனி தடுப்பதில்லை. கீழே எடை போடும்போது சீரும் கூட்டத்தின் கணக்கில் சேரும். சீரை மேலேயே விட்டுவிட்டால் அந்த எடைக்கு ஒரு ஆள் இறங்கலாம். ஐம்பத்தெட்டு கிலோ வேண்டும், வளைகாப்பு என்று சொல்லிக் கொண்டு வாருங்கள் என்று பூங்கோதை போனில் சொல்லியிருந்தாள்.

"யாருக்கு வளைகாப்பு?" என்று டீ கூட்டத்தில் ஒருத்தி கேட்டாள்.

"யாருக்கோ. கேட்டா ஒரு பேரச் சொல்லிக்கலாம்."

"அம்பத்தெட்டா? ஈர்க்குச்சியாட்டம் இருந்தாளே!"

"மூணு வருசமா இழுத்துப் போட்டு வேல செஞ்சவளாச்சே. ஒடம்பு தேறியிருப்பா," என்றாள் நசீமா.

கோகிலவாணி சந்தோஷப்பட்டாள். தங்கைக்குச் சதை போட்டிருக்கிறது என்பதே அவளுக்கு நல்ல சேதியாக இருந்தது.

சீர் சேர்ந்தது. பித்தளைத் தாம்பாளங்கள், இரண்டு குத்துவிளக்கு, தேங்காய், பூசணிக்காய், முறுக்கு டின், வளையல் பெட்டி. அப்படியும் பற்றவில்லை. நசீமா தன் வீட்டு அம்மிக்கல்லைப் பட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

கடல் மேடையில் எடை போட்ட அதிகாரி துணியை விலக்கிப் பார்த்தார். "வளைகாப்புக்கு அம்மிக்கல்லா?"

"எங்க பக்கத்து வழக்கமுங்க," என்றாள் சம்பூர்ணம், கண் கூடச் சிமிட்டாமல். "பொறக்கற புள்ள கல்லாட்டம் இருக்கோணும்னு வெப்போம்."

அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். ஏறும் எடை பதிவாகிவிட்டது.

அந்த ஐம்பத்திரண்டு மணி நேரமும் பெட்டி டூர் பஸ்ஸாகத்தான் இருந்தது. அந்தாட்சரி நடந்தது. எலுமிச்சஞ் சோறு கை மாறியது. ஜன்னல் இருக்கைக்கு இரண்டு சண்டை நடந்தது. இரண்டாம் நாள் காலையில் ருக்மணி தலையைத் திருப்ப, ஜடை மேலெழுந்து மெல்ல ஆடியதும் ஒரே கூச்சல். யாரோ ஒரு முறுக்கைக் கையிலிருந்து விட்டாள். அது விழ மனமில்லாததுபோல மெல்ல மெல்ல இறங்கியது. இருபத்திரண்டு பேரும் வாயைப் பிளந்து அது தரையைத் தொடுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தரையைத் தொட்டதும் கை தட்டினார்கள்.

இறகூரில் கதவு திறந்ததும் கோகிலவாணி முதலில் பார்த்தது தங்கையைத்தான். ஆரஞ்சு நிறச் சீருடையில், சுவரோரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பூங்கோதை நின்றாள்.

"ஓடாதக்கா!" என்று அவள் கத்தினாள்.

கத்துவதற்குள் கோகிலவாணி ஓடிவிட்டாள். மூன்றாவது அடியில் தரை போய்விட்டது. கூரையின் மெத்தையில் தலை முட்டி, கை காலை உதைத்துக்கொண்டு மெல்ல மிதந்து வந்தாள். பூங்கோதை அக்காவின் கணுக்காலை எட்டிப் பிடித்து, பட்டம் இறக்குவதுபோல இறக்கினாள். இரண்டு பேரும் கட்டிக்கொண்டு சிரித்தார்கள். சிரிக்கும்போதே கோகிலவாணியின் கை தங்கையின் முதுகில் எலும்பை எண்ணியது.

"எங்கடி அம்பத்தெட்டு கிலோ? நீ இன்னும் எளைச்சுத்தான் போயிருக்கறே."

"மொதல்ல தேர்ல ஏறு. அப்பறம் சொல்றன்."

இறகூரில் பார்வையாளர்கள் நடக்க முடியாது. நடந்தால் கூரைக்குப் போய்விடுவார்கள். அவர்களைப் பெரிய கூடைகளில் உட்காரவைத்து ஆட்கள் வடம் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மோட்டார் வைத்தால் அதன் அதிர்வு கயிற்றில் ஏறிவிடுமாம். கூடைக்குப் பெயர் தேர். பூங்கோதைக்கு அதுதான் வேலை. தோளில் வடத்தைப் போட்டுக்கொண்டு, சுவரிலிருக்கும் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகப் பற்றி, நீருக்குள் மீன் போகிற மாதிரி போனாள். பின்னால் இரண்டு தேர்கள் நிறைய ஆறாம் லைன் அலறிக்கொண்டே வந்தது.

அருவி மெதுவாக விழுந்தது. ஒவ்வொரு துளியும் எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. ராட்டினம் என்று ஒன்று இருந்தது, அதில் யாரையும் கட்டிப்போடவில்லை. ஆட்களை வெளியே எறிந்துவிட்டு, மறு சுற்றில் வந்து பொறுக்கிக்கொண்டது. பறக்கும் கூடத்தில் சம்பூர்ணம் சிறகு கட்டிக்கொண்டு கையை இரண்டு தட்டுத் தட்டினாள். எண்பது கிலோ உடம்பு எழும்பியது.

"அக்கா பறக்கறாங்கடி! அக்கா பறக்கறாங்க!"

"எல்லாரும் ஒதுங்கிக்குங்க," என்று நசீமா மேலேயிருந்து கத்தினாள். "எறங்குனா தாங்காது!"

"நீ எறங்கு, உனக்கு இருக்குது!" என்று சம்பூர்ணம் காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. ஐம்பது வயதில் தனக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

கோகிலவாணியும் பறந்தாள். அப்போது அவளுக்கு எதுவும் நினைவில்லை. மூன்று வருஷம், எலும்பு, காலண்டர், ஒன்றும் இல்லை. கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டு பூங்கோதை அண்ணாந்து பார்த்தாள். "இன்னும் மேலக்கா! இன்னும் மேல!"

வளைகாப்புக்கு நடுக்கூடத்தைக் கொடுத்திருந்தார்கள். பொய் வளைகாப்பை எப்படி நடத்துவது, யாரை உட்காரவைப்பது என்று பெண்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டே தாம்பாளங்களை வரிசையாக வைத்தார்கள். மனையில் ஏற்கெனவே ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நல்ல கறுப்பு, வட்ட முகம், நிறைந்த வயிறு.

எல்லோரும் அந்த வயிற்றையே பார்த்தார்கள்.

"தலையணையா?" என்று ருக்மணி மெல்லக் கேட்டாள்.

"நெசந்தான்," என்றாள் பூங்கோதை. "இவ இசக்கி. தூத்துக்குடிப் பக்கம். வேலைக்கு ஏறி ரெண்டு மாசம் கழிச்சுத்தான் இவளுக்கே தெரிஞ்சுது. இப்ப ஏழு. இங்க பொறந்தா அந்தக் கொழந்தைக்கு எலும்பே சரியாப் புடிக்காது. மண்ணுல காலூனவே முடியாது. இவளுக்கு ஒப்பந்தம் முடியவே இன்னும் ஆறு மாசம் இருக்குது, அதுக்கப்பறந்தான் வரிசை."

கோகிலவாணி தங்கையின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். அந்தரத்தில் இரண்டு பேரும் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார்கள்.

"அம்பத்தெட்டு கிலோ இவளா?"

"ஆமாக்கா."

"அப்ப நீ?"

"மொதல்ல இவ போகட்டும்."

"மூணு வருசம் ஆகப் போகுது பூங்கோதை. அதெல்லாம் தெரியுதா இல்லியா உனக்கு?"

"தெரியும்க்கா."

"என்னைய ஏமாத்தி வரவெச்சுட்ட."

"நெசத்தச் சொல்லியிருந்தா வந்திருப்பியா? ஊரே தெரியாத ஒருத்திக்கு அம்மிக்கல்லத் தூக்கிட்டு யாராவது வருவாங்களா?"

கோகிலவாணி தங்கையின் கையை விட்டாள். வந்திருக்க மாட்டாள் என்பது அவளுக்குத் தெரியும்.

மனையிலிருந்து இசக்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, கோவிச்சிக்கிடாதிய. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவதான் கேக்கல."

சம்பூர்ணம் இரண்டு பேரையும் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். வளையல் பெட்டியைத் திறந்தாள். "பேச்செல்லாம் அப்பறம். கோகிலா, வாடி. மொத வளையல் நீ போடு."

கோகிலவாணி போட்டாள். கண்ணாடி வளையல் அந்தப் பருத்த மணிக்கட்டில் இறங்கியதும் உள்ளே எதுவோ இளகிவிட்டது. அடுத்தடுத்து இருபத்தோரு பேர் போட்டார்கள். கன்னத்தில் பூசிய சந்தனம் கொஞ்சம் பிய்ந்து மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. தேர் இழுக்கிறவர்கள், அருவியைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ராட்டினக்காரர்கள் என்று மேலே வேலை செய்கிறவர்களெல்லாம் கூடிவிட்டார்கள். மூன்று வருஷம், நான்கு வருஷம் ஆனவர்கள் அவர்கள். தாம்பாளத்தில் இருந்த பூசணிக்காயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். சுற்றுலா வந்தவர்கள் படம் பிடித்துக்கொண்டே கைதட்டினார்கள்.

மறுநாள் இறங்கும் நேரம். இறங்கும் வாசலில் எடை பார்க்கும் லூர்துராஜ் இருந்தார். அவருடைய தராசு ஒரு சுருள்கம்பி ஊஞ்சல்.

"இங்க தராசு பொய் சொல்லும்மா, ஊஞ்சல் சொல்லாது," என்றார். "லேசான ஆளு வெரசா ஆடும். கனத்த ஆளு மெதுவா ஆடும். ஆடுத வேகத்த வச்சிக் கிலோ தெரிஞ்சிரும்."

ஒவ்வொருத்தியாகப் பையோடு உட்கார்ந்து ஆடி இறங்கினாள். கடைசியில் இசக்கி. லூர்துராஜ் திரையைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஒம்பது கிலோ கூட இருக்கே."

"எப்பிடிங்க? சீரு அத்தனையும் மேலதான் இருக்குது!"

பைகளைத் திறந்தார்கள். ஒவ்வொரு பையிலும் அடியில் ஒரு கண்ணாடிக் குண்டு. உள்ளே ஒரு துணிப் பறவை. இறகூர்ப் பட்டறையில் செய்தது. நசீமாவின் பையில் இரண்டு இருந்தது.

தேர் இழுக்கிறவர்களில் வயதான ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். "சீர் கொண்டு வந்தவங்கள வெறுங்கையோட எப்பிடிம்மா அனுப்புறது? எங்க ஊர்ல தட்டைக் காலியாத் திருப்பித் தர மாட்டோம். தட்டு இங்கயே இருக்கு. அதான் பையில வெச்சோம்."

சம்பூர்ணத்துக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. "எங்க ஊர்லயும் அப்பிடித்தானுங். இப்ப மட்டும் மன்னிச்சுக்குங்க."

குண்டுகளை எடுத்து வைத்தார்கள். இசக்கியின் எடை சரியாகப் பொருந்தியது. அவள் பெட்டிக்குள் போய், கதவருகே நின்று இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். வளையல்கள் குலுங்கின.

கோகிலவாணி தரையில் குவிந்த குண்டுகளைப் பார்த்தாள். ஒன்பது கிலோ. யாருக்கும் தெரியாமல் ஏறி, யாருக்கும் வலிக்காமல் இறங்கிவிட்டது. அவள் தன் பையையும் தோளிலிருந்து கழற்றிக் குவியலில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். கம்பளிச் சட்டையைக் கழற்றினாள். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"என்ற தங்கச்சிக்கு எத்தன கிலோங்க வேணும்?"

லூர்துராஜ் மாதாமாதம் எல்லா வேலைக்காரர்களையும் ஆட்டிப் பார்க்கிறவர். அவர் திரையைப் பார்க்கவில்லை. "நாப்பத்தொண்ணு," என்றார். குரல் தாழ்ந்திருந்தது.

"ஆளுக்கு ரெண்டு கிலோ கூட வராது!" என்று சம்பூர்ணம் கத்தினாள். "கழட்டுங்கடி!"

அதன்பிறகு அங்கே நடந்தது தீபாவளித் துணிக்கடைக் கூட்டம்தான், தலைகீழாக. பைகள் பறந்தன. செருப்புகள் பறந்தன. கம்பளிச் சட்டைகள், தண்ணீர் பாட்டில்கள், பவுடர் டப்பா, சார்ஜர், பாதி தின்ற முறுக்கு எல்லாம் போயிற்று. ருக்மணி ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்தியிருந்த இரண்டு சேலைகளில் ஒன்றை உருவி எறிந்தாள். அது கூடம் முழுக்க விரிந்து மிதந்தது.

"என்ற முடிய வெட்டிக்குங்க," என்று நசீமா முக்காட்டைத் தளர்த்தினாள். "அதுல அரைக் கிலோ தேறும்."

"உன்ற வாய வெட்டுனா அஞ்சு கிலோ தேறும்!"

"வேண்டாம், விடுங்கக்கா," என்று பூங்கோதை சொல்லிக்கொண்டேயிருந்தாள். "குளிரும். ரெண்டு நாள் போகோணும். விடுங்க." யாரும் காதில் வாங்கவில்லை. அடக்கத்துக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார்கள்.

லூர்துராஜ் குவியலை மூட்டை மூட்டையாக ஊஞ்சலில் ஏற்றி எடை பார்த்தார். "முப்பத்திரண்டு," என்றார். "முப்பத்தேழு." சம்பூர்ணம் கழுத்தில் கைவைத்து, தாலியை மட்டும் விட்டுவிட்டு, மணிபர்சையும் சாவிக்கொத்தையும் எறிந்தாள். மேலே வேலை செய்கிறவர்கள் கயிறுகளைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஒவ்வொரு எண்ணுக்கும் சேர்ந்து கத்தினார்கள்.

"நாப்பத்திரண்டு."

கூடம் அதிர்ந்தது. கோகிலவாணி வெறுங்காலோடு குதித்தாள். இந்தத் தடவை கூரை முட்டியதும் அவளுக்கு வலிக்கவில்லை. இறங்கி வந்து ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினாள். "வாடி! உக்காரு! பெட்டி கெளம்பப் போகுது!"

பெட்டிக்குள் மணி ஒலித்தது. இருபத்தொரு பேர் வழிவிட்டு நின்றார்கள். பூங்கோதை கயிற்றைப் பற்றி மெதுவாக வந்தாள். ஊஞ்சலில் உட்காரவில்லை. குவியலில் குனிந்து அக்காவின் செருப்பைத் தேடி எடுத்தாள். ஜோடியாக அக்காவின் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்கக்கா."

"எதுக்குடி? அதோட எடைதான் உன்ற எடை. உக்காரு சீக்கிரம்."

லூர்துராஜ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணுக்கு எண் கத்தி, தங்களுக்குத் தெரிந்ததையே மறந்திருந்த வேலைக்காரர்களும் அடங்கிவிட்டார்கள். அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அந்த மௌனத்தில்தான் கோகிலவாணிக்கு உறைத்தது.

"சொல்லுடி," என்றாள்.

பூங்கோதை ஊஞ்சலின் கம்பியைப் பிடித்தாள்.

"தை மாசமே எலும்பப் படம் எடுத்துப் பாத்துட்டாங்கக்கா. என்ற எலும்பு பொத்தலாக மூணு வருசம் தேவைப்படல. கீழ போயி நான் எந்திரிச்சு நின்னா காலு ரெண்டும் ஒடைஞ்சு போகும். என்னால இனி எப்பவுமே எறங்க முடியாது."